ஐந்தாவது கேள்விக்கு நான் சொன்ன பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முன் சமையலறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில் ஒரு நோட்டுத்தாள் கிடைத்தது. என் கையெழுத்துதான். 2020 நவம்பரில், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில், கொவிட் தொற்றியவரின் அருகில் யார் யார் இருந்தார்கள் என்று தடமறிய அரசாங்கம் கொடுத்த டிரேஸ்டுகெதர் கருவியை வழங்கும் மேசையில் தொண்டூழியராக உட்காரப் போகுமுன், மூத்தோர் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்துத் தமிழில் எழுதி வைத்துக்கொண்ட தாள் அது.

நான் எங்கே போகிறேன் என்று காட்டுமா? காட்டாது, ஜிபிஎஸ் இல்லை. கைப்பேசி, இன்டர்நெட் வேண்டுமா? வேண்டாம். சார்ஜ் போட வேண்டுமா? வேண்டாம், பேட்டரி ஆறு மாதத்துக்கு மேல் வரும். எத்தனை நாள் தகவலை வைத்திருக்கும்? 25 நாள், பிறகு தானாக அழிந்துவிடும். போலீஸ் பார்க்குமா? பார்க்காது, நோய்க்கு மட்டும்தான்.

முதல் நான்கும் உண்மை. ஐந்தாவது உண்மை இல்லை. அது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே ஒரு மாதம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஐந்து ஆண்டு கழித்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2025 ஏப்ரலில் தொற்றுநோய்களுக்கென்றே தனி அமைப்பு ஒன்றை நம் நாடு தொடங்கியிருக்கிறது. அடுத்த பெருந்தொற்றுக்கு ஆயத்தமாக வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். மருந்து, படுக்கை, முகக்கவசம் எல்லாம் கணக்கில் வரும். அந்த ஐந்தாவது கேள்வி யார் கணக்கிலாவது இருக்கிறதா என்று எனக்குக் கவலை.

அந்த மேசையில் நான் உட்கார்ந்ததற்குக் காரணம் மொழிதான். எங்கள் பேட்டையில் தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் மூத்தோர் பலர். கருவி வந்த உறையில் இருந்த விளக்கத்தை அவர்களால் படிக்க முடியாது. பிள்ளைகளுக்கு நேரமில்லை. அதனால் என் முன்னால் வந்து உட்கார்ந்து, அடையாள அட்டையை நீட்டிவிட்டு, என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொல்வதுதான் அவர்களுக்கு அரசாங்கம் சொல்வது.

உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பொருள், ஒரு பக்கம் கியூஆர் குறியீடு, ஓரத்தில் சின்ன விளக்கு. பச்சையில் அவ்வப்போது மின்னினால் வேலை செய்கிறது, சிவப்பில் மின்னினால் பேட்டரி தீர்கிறது. பக்கத்தில் இன்னொருவர் கருவியோ, கைப்பேசியில் அதே வேலையைச் செய்யும் டிரேஸ்டுகெதர் செயலியோ வந்தால் இரண்டும் புளூடூத் வழியாக ஒன்றையொன்று குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு கருவிக்குள்ளேயே கிடக்கும். யாருக்காவது கொவிட் உறுதியானால்தான் கருவியை வாங்கி உள்ளே இருப்பதை இறக்கி, யார் யார் அருகில் இருந்தார்கள் என்று பார்ப்பார்கள். இதை நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். நல்ல ஏற்பாடு என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். கைப்பேசி இல்லாத மூத்தோருக்கு அதைவிட எளிதான வழி இருந்திருக்க முடியாது.

எங்கள் புளோக்கில் ஈரறை வாடகை வீட்டில் தனியாக இருந்தவர் ஒரு பாட்டி. அப்போது அவருக்கு 81 வயது. என் பிள்ளைகள் பாட்டி என்று கூப்பிட்டுப் பழகி, எனக்கும் அவர் பாட்டிதான். அவர் பேரன் போதைப்பொருள் வழக்கில் உள்ளே போய்விட்டு வந்தவன், மேற்பார்வையில் இருந்தான், குறித்த நாளில் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், பாட்டிக்கு வாரம் இருமுறை சாப்பாடு வாங்கி வருவான். பாட்டி கருவியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் காதில் விழாதபடி குனிந்து கேட்டார்: “ஏம்மா, பையன் வந்துட்டுப் போறது இதுல தெரியுமா? போலீசு பார்ப்பாங்களா?”

நான் தாளைக்கூடப் பார்க்கவில்லை. “பார்க்க மாட்டாங்க பாட்டி. கொரோனாவுக்கு மட்டும்தான். அமைச்சரே சொல்லிட்டாரு” என்றேன்.

அமைச்சர் சொன்னது உண்மைதான். 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், இந்தத் தகவல் தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே, அவ்வளவுதான் என்று அழுத்திச் சொல்லியிருந்தார். அணிந்துகொள்ளும் இப்படியொரு கருவி வரப்போகிறது என்றதும் வேண்டாம் என்று ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் கையெழுத்திட்டிருந்த சமயம் அது. அந்த வாக்கைக் கேட்டுத்தான் என்னைப் போன்றவர்கள் தைரியமாக மேசையில் உட்கார்ந்தோம்.

2021 ஜனவரி 4. நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு உள்துறை துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் பதில் சொன்னார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி குற்ற விசாரணைக்காகக் காவல்துறை எந்தத் தகவலையும் கேட்டுப் பெறலாம், அதில் டிரேஸ்டுகெதர் தகவலும் அடங்கும் என்றார். அன்று இரவுச் சமையலின்போது வானொலிச் செய்தியில் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அன்றே டிரேஸ்டுகெதர் இணையப்பக்கத்தில் இருந்த தனியுரிமை வாசகமும் மாற்றப்பட்டது. மறுநாள் அமைச்சர் விவியன் நாடாளுமன்றத்தில், முன்பு அப்படிச் சொன்னபோது அந்தச் சட்டத்தைத் தான் நினைத்துப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அவர் ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். சபையில் எழுந்து நின்று அப்படிச் சொல்வது எளிதல்ல. ஆனால் அமைச்சருக்கு ஒரு சபை இருந்தது. எனக்கு எங்கள் புளோக்கின் மின்தூக்கிதான் இருந்தது. அதில் நான் பாட்டியைச் சந்திக்க வேண்டும்.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். பிறகு நானே ஆறாவது மாடிக்குப் போனேன். அதற்குள் கீழ்த்தளத்தில் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “உனக்குத் தெரிஞ்சா சொல்லியிருப்பே” என்றார். அவ்வளவுதான். சாமி படத்துக்குக் கீழே ஒரு மைலோ டின் இருந்தது. கருவி அதற்குள் இருந்தது. மூடி போட்டிருந்தது.

அதன்பிறகு பாட்டி கருவியைப் பயன்படுத்தாமல் இல்லை. அந்த மே மாதத்திலிருந்து கடைத்தொகுதிக்கும் பேரங்காடிக்கும் போனால் டிரேஸ்டுகெதர் இல்லாமல் நுழைய முடியாது என்று ஆனதும், கடைக்குப் போகும்போது டின்னைத் திறந்து எடுத்துக்கொள்வார். திரும்பி வந்ததும் போட்டு மூடிவிடுவார். பேரன் வருகிற நாளில் அது டின்னுக்குள்தான். பேரன் கருவியே வாங்கவில்லை, செயலியையும் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டான். ஆக, முகக்கவசம் போட்டுக்கொண்டு முட்டை வாங்க வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தைக் கருவி குறித்துக்கொண்டது. முகக்கவசம் இல்லாமல் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்தைக் குறிக்கவில்லை. கிருமி எங்கே பரவும் என்று மருத்துவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அங்கேதான் கருவி இல்லாமல் போனது.

தனியுரிமை என்றால் படித்தவர்களின் விவகாரம் என்றும், மறைக்க எதுவும் இல்லாதவனுக்கு என்ன பயம் என்றும் என் உறவினர்களே சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இந்த மைலோ டின்னைத்தான். அந்தப் பாட்டி சட்டத்தை மீறியவர் அல்ல. பேரனும் அப்போது ஒழுங்காக இருந்தான். சந்தேகப்படும் இடத்தில் நாள்தோறும் நிற்பவர்களுக்கு, தவறு செய்யாவிட்டாலும் பயம் இருக்கும். கொள்ளைநோய்க் காலத்தில் அவர்களும் நம் கணக்குக்குள் வந்தால்தான் எல்லோருக்கும் பாதுகாப்பு.

இனி, மறுபக்கத்தையும் யோசிக்காமல் நான் எழுதவில்லை. கொலை நடந்துவிட்டது, காவல்துறை கையில் ஒரு துப்பு இருக்கிறது, அதைப் பார்க்கக்கூடாது என்று சொல்லலாமா? எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்களில் ஒருத்திக்கு ஏதாவது நேர்ந்தால் நானே போய் எல்லாவற்றையும் தோண்டுங்கள் என்று கதறுவேன். அதை மறைக்க மாட்டேன். ஆனால் உண்மையில் நடந்தது என்ன? அதுவரை காவல்துறை டிரேஸ்டுகெதர் தகவலைக் கேட்டது ஒரே ஒரு வழக்கில், 2020 மே மாதம் பொங்கோலில் நடந்த கொலை வழக்கில். அதிலும் சந்தேக நபரின் கைப்பேசியில் செயலி இல்லாததால் பயனுள்ள தகவல் கிடைக்கவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. கொலை செய்ய நினைப்பவன் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகமாட்டான். பயந்து டின்னில் போட்டு மூடுபவர்கள் பாட்டிகள்தான். கிடைக்காத ஒரு துப்புக்காக எத்தனை வீட்டில் எத்தனை டின்கள் மூடப்பட்டன என்பதை யாரும் எண்ணவில்லை.

2021 பிப்ரவரி 2-ஆம் தேதி சட்டம் திருத்தப்பட்டது. காவல்துறை இந்தத் தகவலை ஏழு வகைக் கடுங்குற்றங்களில் மட்டும்தான் கேட்கலாம் என்று வரம்பு கட்டினார்கள்: பயங்கரவாதம், ஆளைக் கொல்வது அல்லது கடுமையாகக் காயப்படுத்துவது, மரண தண்டனைக்குரிய போதைப்பொருள் கடத்தல், ஆள்கடத்தல், கடும் பாலியல் குற்றம், ஆபத்தான ஆயுதம், காவலிலிருந்து தப்பியோடுவது. தகவலைத் தவறாகப் பயன்படுத்தும் அதிகாரிக்கு 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. கொள்ளைநோய் முடிந்ததும் தகவலை அழித்துவிட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. நல்ல சட்டம். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அந்தப் பட்டியலைப் பாட்டியிடம் வாசித்துக் காட்டவும் செய்தேன். “கடத்தலுக்குத்தானே, அவன் கடத்தலையே” என்று கொஞ்சம் நிம்மதியானார். ஆனால் டின்னின் மூடி திறக்கவில்லை. மக்கள்தொகையில் நான்கில் மூவருக்கு மேல் கருவியோ செயலியோ வாங்கிய பிறகு வந்த சட்டம் அது. பந்தி முடிந்த பிறகு இலை போட்ட மாதிரி.

சட்டத்தை முதலில் எழுதுவது முடியாத காரியமா? ஆஸ்திரேலியா 2020 ஏப்ரலில் கொவிட்சேஃப் செயலியை வெளியிட்டது. மே மாதத்திலேயே, அந்தத் தகவலைத் தடமறிதல் அல்லாத காரியத்துக்குத் தொட்டால் குற்றம், காவல்துறைக்கும் கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டது. மூன்று வாரத்துக்குள் முடிந்த காரியம். ஆனால் அங்கேயும் ஓட்டை விழுந்தது. மேற்கு ஆஸ்திரேலியா மாநிலம் தனியாக நடத்திய வருகைப்பதிவுச் செயலிக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. ஒரு கொலை விசாரணையில் காவல்துறை அதில் கை வைத்தது. தகவல் வெளியே வந்ததும் 2021 ஜூனில் மாநில அரசாங்கம் அவசரமாகத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. அதனால்தான் ஒரு செயலியின் பேரைச் சொல்லிச் சட்டம் எழுதினால் போதாது என்கிறேன். நம்முடைய திருத்தமும் கொவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டத்துக்குள் செருகப்பட்டதுதான். அந்தப் பேரிலேயே ஒரு நோயும் இருக்கிறது, தற்காலிகமும் இருக்கிறது. அடுத்த நோய்க்கு வேறு பேர், அடுத்த கருவிக்கும் வேறு பேர். நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமோ கடைக்காரருக்கும் நிறுவனத்துக்கும் பொருந்தும், அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அடுத்த முறை மேசை போடும்போது எந்தச் சட்டத்தைக் காட்டி மூத்தோருக்குப் பதில் சொல்வது?

இன்னொருவர் பேச்சையும் எழுதாமல் விட முடியவில்லை. என் தங்கை மகன் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவன். அந்தச் சமயம் ஊழியர் தங்குவிடுதியில் இருந்தான். விடுதிகளில் இருந்த சுமார் 323,000 ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்கு 2020 முடிவதற்குள் தொற்று வந்து போயிருந்தது. அவனும் அதில் ஒருவன். உடல்வெப்பத்தைப் பதிய ஒரு செயலி, இன்று வேலைக்குப் போகலாமா கூடாதா என்று பச்சை சிவப்பு காட்ட ஒரு செயலி, இவற்றோடு டிரேஸ்டுகெதரும். நமக்கெல்லாம் விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்த காலத்திலேயே அவர்களுக்குக் கட்டாயம். காலையில் எழுந்ததும் பல் விளக்குமுன் நிறத்தைத்தான் பார்ப்பானாம். ஒருநாள் காரணமில்லாமல் சிவப்பு. எதற்கு என்று யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை, அன்றைய வேலை போனது. மறுநாள் தானாகவே பச்சை.

ஜனவரி விவகாரத்தை நான் தொலைபேசியில் அவனிடம் புலம்பினேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், “பெரியம்மா, உங்களுக்காச்சும் அமைச்சர் எழுந்து பதில் சொன்னாரு. எங்ககிட்ட யாரும் கேட்கவே இல்லையே, பொய் சொல்றதுக்கு” என்றான். நான் பேசாமல் இருந்துவிட்டேன். 2021 செப்டம்பரில்தான் விடுதி ஊழியர்களைச் சிறிது சிறிதாக, முதலில் வாரத்துக்கு 500 பேர் என்று தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வர அனுமதித்தார்கள். அதுவரை சுமார் ஒன்றரை ஆண்டு அவன் பார்த்த ஊர், வேலையிடம், விடுதி, லாரியின் பின்பக்கம். எங்கே போகிறான் என்று கருவி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லாதவனிடம் மூன்று செயலி. அடுத்த சட்டம் எழுதப்படும்போது அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமல்லாமல் வேலை அனுமதியில் இருப்பவருக்கும் அதே சொற்களில் பொருந்த வேண்டும். அவனுக்கும் ஏன் சிவப்பு என்று கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

பாட்டி 2022-இல் காலமானார். கொவிட் இல்லை, இதயம். பேரன் வீட்டைக் காலிசெய்யும்போது டின்னை என்னிடம் கொடுத்தான். “நீங்க கொடுத்ததுதானே ஆன்ட்டி” என்றான். குறை சொல்லும் குரலில் அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னான். 2023 பிப்ரவரி 13-ஆம் தேதி முதல் மார்ச் 12 வரை சமூக மன்றங்களில் கருவிகளைத் திரும்பக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். தகவல்களையெல்லாம் அழித்துவிட்டதாகவும், அந்த ஒரு கொலை வழக்கு சம்பந்தப்பட்டது மட்டும் இருக்கும் என்றும் அரசாங்கம் சொன்னது. சொன்னபடி முடித்தார்கள், அதற்கு நன்றி. நான் என்னுடையதையும் பாட்டியுடையதையும் எடுத்துக்கொண்டு அதே மன்றத்துக்குப் போனேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பெட்டி இருந்தது. பாட்டியின் கருவியில் விளக்கு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. பெட்டியில் போடுமுன், உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று அங்கிருந்த இளையரிடம் கேட்டேன். “எல்லாம் அழிஞ்சிடும் ஆன்ட்டி” என்று சிரித்த முகத்தோடு சொன்னார். நல்ல பிள்ளை. யார் சொல்லி அவருக்கு அது தெரியும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவரைப் பார்க்க என்னைப் பார்ப்பது போலிருந்தது.

தொற்றுநோய் அமைப்பில் இருப்பவர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. அடுத்த கிருமி வருவதற்கு முன்பே, அமைதியான இந்த நாட்களிலேயே, தடமறிதல் தகவலுக்கென்று நிரந்தரமாக ஒரு சட்டம் எழுதி வையுங்கள். எந்த நோய், எந்தக் கருவி என்றாலும் பொருந்தும்படி எழுதுங்கள். காவல்துறைக்குக் கிடையாது என்பதே என் விருப்பம். கொடுத்தே ஆக வேண்டும் என்று சபை முடிவு செய்தால், அந்த ஏழு வகையோ எட்டு வகையோ, அதைக் கருவி கொடுக்கும் நாளிலேயே சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் சிலர் வாங்க மாட்டார்கள்தான். அவர்களிடம் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

சட்டத்தின் அந்தப் பக்கத்தை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும், வங்காள மொழியிலும், பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு மேசையிலும் வையுங்கள். என் கையெழுத்தில் ஒரு நோட்டுத்தாளை நம்பி இனி எந்த மேசையிலும் நான் உட்காரமாட்டேன். அச்சடித்த தாள் இருந்தால் வருகிறேன். வரிசையில் வருகிறவர்களுக்கு அதை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் சமூக மன்றத் தொண்டூழியர்,
ஈசூன்.